பணிக்கொடையைக் கேமராவில் போடலாமா?

கேள்வி: பொள்ளாச்சியில் இருக்கிறேன். வங்கி வேலையிலிருந்து இன்னும் ஆறு மாதத்தில் ஓய்வு. அதற்கப்புறம் நிலக்காட்சிகளைக் கலை ஒளிப்படங்களாக எடுத்து விற்க ஆசை. மகன் கொடுத்த பழைய 24 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது. பணிக்கொடையில் 4 லட்சம் எடுத்து பெரிய சென்சார் உள்ள நல்ல ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கி, லடாக்கில் தொடங்கலாமா? இந்த வயதில் இது சரிப்படுமா?

பதில்: வயதை விடுங்கள். புகழ்பெற்ற ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூன் கையில் கேமரா வந்தது 1863இல், 48 வயதில், மகள் கொடுத்த பரிசாக. அவர் எடுத்தவை முகங்கள், உங்களுக்கு மலைகள். மலை அவசரப்படுத்தாது.

பணிக்கொடையைத் தொடாதீர்கள். 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டாலே 20க்கு 13 அங்குலப் படம் கிடைக்கும். வீட்டுச் சுவருக்கு அது தாராளம். கேமராவை ஆடாமல் நிறுத்தும் உறுதியான முக்காலி, அதாவது ட்ரைபாட், ஒன்று மட்டும் வாங்குங்கள். காற்றில் ஆடும் மலிவு ட்ரைபாடுக்கு ஒரு கல்லே மேல்.

லடாக்கும் இப்போது வேண்டாம். ஒரு வாரம் போய் வந்தால், அங்கே போகிற எல்லோரும் எடுக்கும் படங்களைத்தான் நீங்களும் கொண்டுவருவீர்கள். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு குளக்கரை, ஒரு தென்னந்தோப்பு, ஆனைமலை தெரியும் ஒரு வரப்பு. அங்கே ஓராண்டு போங்கள், வாரம் இரண்டு முறையாவது. பத்துப் படங்களைச் சேர்த்து மாட்டினால் எல்லாம் ஒரே கண் பார்த்தவை என்று தெரிய வேண்டும். காலண்டர் படத்திலிருந்து கலை ஒளிப்படம் பிரிவது அங்கேதான்.

ஒளி பற்றி ஒரு எச்சரிக்கை. ஐரோப்பியர்களின் யூடியூப் பாடங்களில் காலையிலும் மாலையிலும் நீண்ட நேரம் நிற்கும் பொன்னொளி நமக்குக் கிடையாது. நிலநடுக்கோட்டிலிருந்து பத்தரை டிகிரியில் இருக்கிறோம். சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறிவிடும், ஏழரை மணிக்கே வெயில் கடுமையாகிவிடும். விடியுமுன்பே ட்ரைபாடை நட்டுவிடுங்கள். ஆனால் வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காத ஒன்று உங்களுக்கு உண்டு: ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேகம். அப்போது பகல் முழுக்க மென்மையான ஒளி, நிமிடத்துக்கு ஒரு வானம். என்னைக் கேட்டால், உங்கள் பருவம் அதுதான்.

மாதம் இரண்டு படங்களையாவது அச்சிடுங்கள். திரையில் பளிச்சென்று இருப்பது தாளில் இருண்டு வரும்; பெரும்பாலும் திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருப்பதுதான் காரணம். பியானோ கலைஞராகப் பயின்று ஒளிப்படத்துக்கு வந்தவர் ஆன்செல் ஆடம்ஸ். 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவுதயப் படத்தைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். நெகட்டிவ் ஒன்றேதான், ஆனால் பிந்தைய அச்சுகளில் வானம் மேலும் மேலும் கறுத்துக்கொண்டே போனது. தான் பார்த்தது என்ன என்பதை அவர் அச்சில்தான் தேடிக்கொண்டிருந்தார்.

விற்பனைக்கு வருவோம். முதல் மூன்று ஆண்டு வருமானம் பூஜ்யம் என்றே கணக்கு வையுங்கள். கணக்கு உங்களுக்குத் தெரியாததா! விற்கும் படத்தைப் பருத்தித் தாளில், நிறமித் துகள் கலந்த பிக்மென்ட் மையில் அச்சிடச் சொல்லுங்கள், சீக்கிரம் மங்காது. ஒரு படத்துக்குப் பத்துப் பிரதிதான் என்று அறிவித்தால் மூன்றாவது பிரதியில் 3/10 என்பதுபோல் பென்சிலில் எண் போட்டுக் கையெழுத்திடுங்கள். பதினொன்றாவதை யார் கேட்டாலும், மைத்துனரே கேட்டாலும், கொடுக்காதீர்கள். முதலில் வாங்குபவர்கள் கேலரிக்காரர்களாக இருக்கமாட்டார்கள். ஊர்ப் பக்கம் தங்கும் விடுதி நடத்துபவர்களையும், வீடு கட்டித்தரும் ஆர்க்கிடெக்டுகளையும் அச்சோடு போய்ப் பாருங்கள். போனில் காட்டினால் வேலைக்காகாது.

அப்புறம், மழையில் நனைந்து வந்த லென்ஸைத் துடைத்து உலர்த்தாமல் பைக்குள் போட்டு மூடாதீர்கள். பூஞ்சை பிடித்துவிடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.