பதுங்கித் தாக்குனா முதல் ரவுண்டுலயே ஆள் சாயுதா?

அண்ணாச்சி, நீங்க கதை சொல்லி நடத்துற பகடை ஆட்டத்துல, பனங்காட்டுல ஆறு கள்ளனுவ பாய்ஞ்சு முதல் ரவுண்டுலயே ரெண்டு பேர் சாய்ஞ்சிட்டாங்க, கூட்டாளிங்க கோவத்துல இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க. நீங்க ஆடுறது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 விதி. அதுல அசந்து மாட்டினவன் தன் முதல் டர்ன்ல நகரவும் முடியாது, அடிக்கவும் முடியாது. 2024 விதியில அசந்தவன் இனிஷியேட்டிவுக்கு, அதாவது யார் முதல்ல ஆடுறதுன்னு முடிவு பண்ண, ரெண்டு தடவை பகடை உருட்டி சின்ன எண்ணை எடுக்கணும், அவ்வளவுதான். மாறிருங்க.

பழசுதான் வேணும்னா, எல்லாரும் அசந்துட்டாங்கன்னு மொத்தமா அறிவிச்சிராதீங்க. கள்ளனுவ ஒளியிற உருட்டலை ஒவ்வொருத்தர் பாசிவ் பெர்செப்ஷனோடயும், அதாவது பகடை உருட்டாமலே அவங்களுக்கு இருக்கிற கவனிப்பு எண்ணோட, தனித்தனியா பாக்கணும். 10 கூட்டல் அவங்க பெர்செப்ஷன் போனஸ், அதான் கணக்கு. ஒரே ஒரு கள்ளன் கண்ணுல பட்டாலும், பாத்தவனுக்கு முழு டர்ன் உண்டு.

அதைவிட முக்கியம், முன்னாடியே ஒரு தடயம் காட்டுறது. பாளையங்கோட்டையில எங்க செட்டுக்கு ஒருநா தேரிக்காட்டுல நடக்கிற மாதிரி ஆட்டம் வச்சேன். “காத்தே இல்ல, ஒரு பனையில மட்டும் காவோலை சரசரங்குது. அதுவரை அகவிட்டிருந்த மயிலு சட்டுனு நிறுத்திட்டு”ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டேன். டீ கிளாஸைத் தூக்கினவன் அப்படியே கீழ வச்சிட்டு, “நான் மரத்துக்குப் பின்னால போறேன்”னான். அன்னைக்கும் ஒருத்தன் சாய்ஞ்சான், ஆனா யாரும் கோவிக்கல. அடுத்த ஆட்டத்துல இதைச் செஞ்சு பாத்துட்டு எழுதுங்க அண்ணாச்சி.