இறங்கிய எட்டுப் பேர், ஏறிய ஐந்து பேர்
வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பதில்

கேள்வி: சார், நான் முக்கூடலில் வீட்டில் இருந்தபடி பீடி சுற்றுகிறேன். மகன் ஆறாம் வகுப்பு. 20 − 8 + 5 என்ற கணக்குக்கு 7 என்று எழுதித் தப்பு வாங்கிக்கொண்டு வந்தான். "போட்மாஸ்ல கூட்டலுக்குப் பொறவுதானம்மா கழித்தல் வருது" என்று ஒரே அழுகை. என் ஃபோனில் போட்டால் 17 வருகிறது. அப்புறம், 2 + 3 × 25 என்று போட்டால் ஃபோன் 77 காட்டுகிறது, பக்கத்துக் கடை கால்குலேட்டர் 125 காட்டுகிறது. நான் எட்டாவதோடு நின்றவள். அவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்க?
- ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: அம்மா, முதலில் பையனின் அழுகையை நிறுத்துங்கள். அவன் கவனக்குறைவாகப் போட்ட கணக்கு இல்லை அது. போட்மாஸ் என்பது அடைப்புக்குறி, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் முதலானவற்றை எந்த வரிசையில் செய்வது என்று நினைவில் வைக்க, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த சொல். மனப்பாடம் செய்த அந்த எழுத்துகளை அப்படியே நம்பிப் போட்டிருக்கிறான்.

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை உங்கள் மடியில் கிடக்கிற சுளகிலேயே இருக்கிறது. என் அம்மாவும் பீடி சுற்றியவள்தான். சாயங்காலம் 25 பீடியைச் சேர்த்து நூலால் கட்டி அடுக்குவாள். மிச்சம் விழுந்த உதிரி சுளகின் ஓரத்தில் கிடக்கும். எண்ணிச் சொல்வது என் வேலை. மூன்று கட்டும் இரண்டு உதிரியும் இருந்தால் எத்தனை? 77. அதைத்தான் 2 + 3 × 25 என்று எழுதுகிறோம். இரண்டையும் மூன்றையும் முதலில் கூட்டி ஐந்து கட்டு என்று சொன்னால், சுற்றாத பீடிக்குக் கணக்குக் காட்டியதாக ஆகிவிடும். பெருக்கல் குறி என்பது கட்டின நூல் மாதிரி. கட்டுக்குள் எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் உதிரியைச் சேர்க்க முடியும். பெருக்கலை முதலில் செய்யச் சொல்வது இதனால்தான்.

சரி, காலையில் இரண்டு கட்டு, சாயங்காலம் மூன்று கட்டு என்றால்? அப்போது இரண்டும் கட்டு, மூன்றும் கட்டு. அதைச் சொல்லத்தான் அடைப்புக்குறி: (2 + 3) × 25 = 125. பையனை உட்காரவைத்து, கட்டையும் உதிரியையும் அவன் கையாலேயே எண்ணச் சொல்லுங்கள்.

கடைக் கால்குலேட்டர் பழுதில்லை. சாதாரண கால்குலேட்டர் அழுத்த அழுத்தக் கணக்கை முடித்துக்கொண்டே போகும். 2 + 3 போட்டுப் பெருக்கலை அழுத்தியதுமே 5 ஆக்கிவிடும். ஃபோனில் உள்ளது முழு வரியையும் பார்த்துவிட்டுச் செய்கிறது. கடையில் 3 × 25 + 2 என்று அழுத்தினால் 77 வரும்.

இனி 20 − 8 + 5. பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி போகிற பஸ்ஸில் 20 பேர். சேரன்மகாதேவியில் 8 பேர் இறங்கினார்கள், பத்தமடையில் 5 பேர் ஏறினார்கள். மிச்சம் 17. உங்கள் மகன் 8ஐயும் 5ஐயும் கூட்டி 13 ஆக்கி, அதைக் கழித்திருக்கிறான். அதாவது பத்தமடையில் ஏறிய ஐந்து பேரையும் சேர்த்து இறக்கிவிட்டான்! கழித்தல் குறி 8க்கு மட்டும்தான் சொந்தம். கூட்டலும் கழித்தலும் சம அந்தஸ்து. இடமிருந்து வலமாக, எது முதலில் வருகிறதோ அதை முதலில் செய்ய வேண்டும்.

வகுத்தலும் பெருக்கலும் அப்படியே சமம்தான். 24 கருப்பட்டியை 4 பேருக்குப் பங்கு வைத்து, அதில் 2 பேர் பங்கை ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் 24 ÷ 4 × 2, அதாவது 12. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வகுத்தல்தான் முந்தி என்று தப்பாக நினைத்துக்கொண்டு செய்தாலும் விடை கெடாது. அதனால் பிள்ளைகளின் தப்பான நம்பிக்கை வெளியே தெரிவதே இல்லை, கழித்தலுக்குப் பின்னால் கூட்டல் வருகிற நாள் வரைக்கும். அமெரிக்காவில் பெருக்கலை முன்னால் வைத்துப் 'பெம்டாஸ்' என்று படிக்கிறார்கள். அங்கே இதே கணக்குக்கு 24 ÷ 8 = 3 என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் போட்மாஸின் ஆறு எழுத்தையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் எழுதிப்போட்டேன். ஆறு எழுத்து, ஆறு படி என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான். பிறகு வகுத்தலையும் பெருக்கலையும் ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அதற்குக் கீழே கூட்டலும் கழித்தலும் ஒரே வரியில். பையன் நோட்டின் முதல் பக்கத்தில் அப்படி எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 6 ÷ 2(1 + 2) எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. 9 என்கிறான் தம்பி, 1 என்கிறான் மச்சான். யார் சரி?
- ஒரு வாசகர், களக்காடு

பதில்: கணக்கை எழுதிய விதம்தான் சரியில்லை. இடமிருந்து வலம் என்று போனால் 9. 2ஐ அடைப்புக்குறியோடு ஒட்டி எழுதியதால் அது ஒரே பொருள் என்று எடுத்துக்கொண்டால் 1. பெரிய கணக்குகளில் இந்த ÷ குறியையே விட்டுவிட்டு, மேலும் கீழுமாகப் பின்னமாக எழுதுவது இந்தச் சிக்கல் வராமல் இருக்கத்தான். அனுப்பியவரிடமே 6க்குக் கீழே எது எது வருகிறது என்று பின்னமாக எழுதித் தரச் சொல்லுங்கள்.