பொலிரோ பிக்கப்பில் 20 அடி பைப் ஏற்ற எந்த மாதிரி ஸ்டாண்ட் போடலாம்?

கேட்டவரிடம் பத்தடி பாடி உள்ள பொலிரோ பிக்கப் இருக்கிறது. 20 அடி பிவிசி பைப்பும் ஸ்கொயர் டியூபும் அடிக்கடி ஏற்ற வேண்டியிருக்கிறதாம். பட்டறையில் கேபினுக்கு மேலே நிரந்தரமாக ஸ்டாண்ட் வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்கிறார்களாம். செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்.

ஸ்டாண்ட் போடுங்கள், ஆனால் வெல்டிங் வேண்டாம். போல்ட் போட்டு மாட்டுங்கள். பின்பக்கம் ஒரு சாண்கூட வெளியே நீட்டாத மாதிரி அளவெடுத்துப் போடுங்கள். 20 அடியை முழுதாக ஏற்றும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள், 18 அடியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் தாராபுரம் பக்கம் போர்வெல் மோட்டார் இறக்குவது, தோட்டங்களுக்குப் பைப் லைன் போடுவது என்று பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் வைத்திருந்தது குட்டி யானை. அதன் பாடி ஏழடிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதில் 20 அடி பைப்பை ஏற்றினால் பின்கதவைத் திறந்து தொங்கவிட்டு, பன்னிரண்டு அடியை வெளியே நீட்டிக்கொண்டுதான் போக முடியும். எல்லோரும் அப்படித்தான் போனார்கள், நானும் போனேன். முனையில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். ஒரு ஊருக்குள் வேகத்தடையில் ஏறி இறங்கினேன். முன்சக்கரம் இறங்கும்போது பின்னால் பைப் முனை ஒரு அடிக்கு மேல் எழும்பி விழுந்தது. பின்னாலேயே மொபெட்டில் வந்துகொண்டிருந்த பையனின் காதுக்குக் கீழே பைப்பின் விளிம்பு இழுத்துவிட்டது. ஏழு தையல். கண்ணுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் மூன்று விரல்கடைதான் இருந்தது. மறுநாள் வண்டியைப் பார்த்தபோது அந்தத் துணி கண்ணில் பட்டது. வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாகி, பைப் கட்டோடு ஒட்டிக் கிடந்தது. மங்கிய வெளிச்சத்தில் அது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. ரம்பத்தால் அறுத்த பைப் முனை எவ்வளவு கூர்மையாக இருக்கும் என்பதையும் அன்றுதான் விரலால் தடவிப் பார்த்தேன். அதற்கப்புறம் பின்னால் நீட்டி ஒரு பைப்பைக்கூட நான் ஏற்றியதில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் சரக்குக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் முன்பு ஒரு விலக்கு இருந்தது. 2014ல் அதை எடுத்துவிட்டார்கள். 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 194(1ஏ) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ, அல்லது அனுமதித்த உயரத்துக்கு மேலோ சரக்கு நீண்டால் அபராதம் 20,000 ரூபாய். சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். சிவப்புத் துணி கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று அதில் எங்கும் இல்லை.

சரி, ஸ்டாண்டுக்கு வருகிறேன். பலபேர் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஒரே உயரத்தில் இரண்டு ஸ்டாண்ட் போட்டுப் பைப்பைப் படுக்கை வசமாக வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மொத்த எடையும் உச்சிக்குப் போய்விடுகிறது, வளைவில் வண்டி ஆடுகிறது, பிரேக் அடித்தால் பைப் ஈட்டி மாதிரி முன்னால் வழுக்குகிறது. நான் செய்திருப்பது சாய்வு. முன்னால் மட்டும்தான் ஸ்டாண்ட். பைப்பின் கீழ்முனை, மூடிய பின்கதவுக்கு உள்பக்கமாகப் பாடித் தளத்தில் உட்காரும். மேல்முனை ஸ்டாண்டைத் தாண்டி கேபினுக்கு மேலே போகும்.

இதில் எத்தனை அடி அடங்கும் என்பதை டேப் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். என் வண்டியில் பாடித் தளத்திலிருந்து கேபின் கூரை மூன்றரை அடி. ஸ்டாண்டின் குறுக்குக் கம்பியை நாலடியில் வைத்திருக்கிறேன். பத்தடி நீளம், நாலடி உயரம் என்றால் பின்கதவு அடியிலிருந்து ஸ்டாண்ட் வரைக்கும் பைப் எடுத்துக்கொள்ளும் நீளம் பத்தே முக்கால் அடி. 18 அடி பைப் என்றால் மீதி ஏழேகால் அடி கேபினுக்கு மேலே போகிறது. சாய்வாகப் போவதால் தரைக்கணக்கில் அது ஆறே முக்கால் அடிதான். கேபினும் பானெட்டும் சேர்ந்து ஏறக்குறைய ஏழடி, ஆக பம்பருக்கு உள்ளேயே அடங்கிவிடுகிறது. இதே கணக்கை 20 அடிக்குப் போட்டால் ஒன்றரை அடிக்கு மேல் முன்னால் நீட்டும். உங்கள் வண்டியில் இரண்டு மூன்று அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம். பட்டறைக்குப் போகும் முன் நீங்களே அளந்துவிடுங்கள்.

அப்போது 20 அடி பைப்பை என்ன செய்வது? பிவிசி என்றால் இரண்டடி அறுத்துவிடுங்கள். எந்தப் பக்கம் அறுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பைப்பின் ஒரு முனை அகன்று சாக்கெட்டாக இருக்கும், இன்னொரு முனை வெறும் முனை. வெறும் முனைப் பக்கம் அறுத்து, விளிம்பை அரத்தால் சுற்றிலும் சரித்துத் தேய்த்துவிட்டால், அது அடுத்த பைப்பின் சாக்கெட்டில் பழையபடியே உட்காரும். கப்ளர் என்னும் இணைப்புத் துண்டுக்குச் செலவே இல்லை. மிஞ்சும் இரண்டடித் துண்டுகளை நான் வீணாக்குவதில்லை. தோட்டத்தில் வால்வு வைக்கும் இடத்தில் மேலே எழுப்பும் துண்டுக்கு அவைதான் போகின்றன. கடையிலேயே அறுத்துத் தரச் சொல்லலாம், இல்லாவிட்டால் ஒரு ஹேக்சா பிளேடு போதும். ஸ்கொயர் டியூப் ஏற்றினால், ஷெட் போடுபவரிடம் முதலிலேயே வெட்டு அளவு கேட்டு வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் 20 அடி முழுதாக எங்கேயும் தேவைப்படாது. மோட்டாரோடு போர்வெல்லுக்குள் இறங்கும் யூபிவிசி பைப் (column pipe) மூன்று மீட்டர் துண்டாகத்தான் வருகிறது, அது பாடிக்குள்ளேயே படுத்துவிடும். எச்டிபிஇ என்னும் வளையும் பிளாஸ்டிக் பைப் சுருளாக வருகிறது, அதற்கும் கவலை இல்லை.

இப்போது வெல்டிங் விஷயம். கேபினும் பாடியும் ஒரே துண்டு இல்லை. கேபின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாடி சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, போல்ட்டில் இருக்கிறது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது வண்டிக்குப் பின்னால் நின்று பாருங்கள், கேபின் ஒரு பக்கம் சாயும், பாடி வேறு பக்கம் சாயும். ஸ்டாண்டின் ஒரு கால் பாடியிலும் இன்னொரு பிடி கேபின் கூரையிலும் இருந்தால் இந்த இரண்டு ஆட்டத்தையும் அந்த வெல்டிங்தான் தாங்க வேண்டும். ஆறு மாதத்தில் மயிர் மாதிரி ஒரு விரிசல் விழும், அப்புறம் கூரைத் தகடு கிழியும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். அதனால் ஸ்டாண்ட் முழுக்கப் பாடியில் மட்டுமே நிற்கட்டும். கேபின் கூரைக்கும் குறுக்குக் கம்பிக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி இருக்கட்டும்.

சேஸிஸ் கட்டையில் வெல்டிங் அடிக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். சூடு பட்ட இடத்தில் இரும்பின் பலம் மாறிவிடும், பின்னால் அங்கேதான் முறியும். போல்ட்டில் மாட்டுவதில் இன்னொரு வசதியும் உண்டு. எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்கப் போகும்போது, ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இருக்கும் வண்டிக்கும் நிற்கும் வண்டிக்கும் வித்தியாசம் இருந்தால் கேள்வி வரும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் அதே கேள்விதான். எட்டு போல்ட்டைக் கழற்றினால் அரைமணி நேரத்தில் வண்டி கம்பெனியில் வந்தபடி நிற்க வேண்டும். என் ஸ்டாண்டை அப்படித்தான் செய்திருக்கிறேன்.

செய்முறை சுருக்கமாக: இரண்டு அங்குல ஸ்கொயர் டியூப், மூன்று எம்எம் கனம். இரண்டு கால், ஒரு குறுக்குக் கம்பி, ஒவ்வொரு காலின் உச்சியிலிருந்தும் பின்பக்கமாகப் பாடித் தளத்துக்கு இறங்கும் சாய்வுக் கால் ஒன்று. மொத்தம் முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும். அடியில் எட்டு எம்எம் தகடு, ஒரு பக்கத்துக்கு நாலு போல்ட், பன்னிரண்டு எம்எம், ஆட்டத்தில் கழலாத நைலாக் நட். போல்ட் வெறும் தளத் தகட்டில் இறங்கினால் தகடு கிழிந்துவிடும், அடியில் ஓடும் குறுக்குச் சேனலைப் பார்த்து அதில்தான் இறக்க வேண்டும். குறுக்குக் கம்பியின் இரண்டு முனையிலும் ஆறு அங்குல உயரத்துக்குக் காது வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வளைவில் பைப் உருண்டுவிடும். கம்பி மேல் பழைய லாரி டியூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள். வண்டியோடு மாட்டி வைத்துக்கொண்டே பட்டறைக்காரர் எதையாவது பற்றவைக்கப் போனால், முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். இப்போதைய வண்டிகளில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ போய்விட்டால் பெரிய செலவு.

இந்தச் சாய்வு முறையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 18 அடி பைப்பின் நடு ஒன்பதாவது அடி. ஸ்டாண்ட் இருப்பதோ பத்தே முக்கால் அடியில். கணக்குப் போட்டால், நூறு கிலோ ஏற்றினால் 84 கிலோ ஸ்டாண்ட் மேல் நிற்கிறது, கீழ்முனையில் வெறும் 16 கிலோதான் இருக்கிறது. அதனால் குழியில் வண்டி குதித்தால் கீழ்முனைதான் எழும்பும். கீழ்முனையைத் தளத்துக் கொக்கியோடு சேர்த்து இறுக்கிக் கட்டாமல் வண்டியை எடுக்கவே கூடாது. ஸ்டாண்ட் மேல் 200 கிலோவுக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. பின்கதவுக்கும் பைப் முனைக்கும் நடுவே இரண்டு அங்குலப் பலகை ஒன்று வைக்கிறேன், இல்லாவிட்டால் கதவில் வட்ட வட்டமாகப் பள்ளம் விழும். பிரேக் அடிக்கும்போது பைப் முன்னால் போக வேண்டுமானால் சாய்வில் ஏறித்தான் போக வேண்டும், அந்த வகையில் படுக்கை வசத்தைவிட இது நல்லது.

கட்டுவதற்கு ராட்செட் பெல்ட் வாங்குங்கள். நைலான் கயிறு மழையில் நனைந்தால் நீண்டுகொடுக்கும். பெல்ட்டைக் கட்டின் மேலே சும்மா போட்டு இறுக்காமல், கட்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்த பிறகு கொக்கியில் மாட்டுங்கள். அப்போதுதான் நடுவில் இருக்கும் பைப் நழுவாது. பிவிசியை ரொம்பவும் இறுக்கினால் வெயிலில் வாய் கோணிவிடும், அப்புறம் சாக்கெட்டில் போகாது. கிளம்பி ஐந்து கிலோமீட்டரில் ஒருமுறை ஓரம் கட்டி பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். கடையில் கல் மாதிரி இருந்த பெல்ட், பைப்புகள் ஒன்றுக்குள் ஒன்று படிந்தபின் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் ஆகிறது.

கரண்ட் கம்பியைச் சொல்லாமல் விட முடியாது. மேல்முனை தரையிலிருந்து ஒன்பதடிக்கு மேல் நிற்கும். தெருக்களில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுத்த சர்வீஸ் வயர் பல இடங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். பிவிசி பட்டால் வயர் அறும், இரும்பு பட்டால் வண்டியில் இருப்பவருக்கும் இறங்கித் தொடுபவருக்கும் ஆபத்து. இரும்பு டியூப் ஏற்றிய நாளில் ஊருக்குள் நுழையும் முன் கூட வருபவரை இறக்கிவிட்டு, முன்னால் நடந்து மேலே பார்த்துக்கொண்டே போகச் சொல்வேன். இருட்டிய பிறகு இரும்பு ஏற்றுவதே இல்லை.

40 அடி கட்டுமானக் கம்பியும் உங்களிடம் கேட்பார்கள். எட்டு, பத்து எம்எம் கம்பியைக் கடையிலேயே நடுவில் வளைத்து 20 அடியாக்கித் தருவார்கள், அதுவும் பிக்கப்புக்கு நீளம்தான். எடையும் நினைப்பதைவிட அதிகம். பன்னிரண்டு எம்எம் கம்பி ஒன்று முழு நீளத்துக்குப் பத்தரை கிலோவுக்கு மேல், முப்பது கம்பி சேர்ந்தால் 320 கிலோ. அதற்கு ஐஷர் லாரி சொல்லிவிடுங்கள். வாடகை போனாலும் பரவாயில்லை. நான் அந்த லோடை வேண்டாம் என்றுதான் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊர்க் கடைக்காரருக்கும் இப்போது அது பழகிவிட்டது.