குளியல் இருக்கட்டும், அந்த க்ரீம் ட்யூபை எடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு நாலரை மாதம். இது அவளுக்கு முதல் டெல்லி குளிர்காலம். தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டணும் என்கிறார் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியார். வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்கிறார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. எது சரி? கன்னமும் கைகாலும் சொரசொரவென்று சிவந்திருக்கின்றன. டயபர் போடும் இடத்தில் வந்த சிவப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள், கன்னத்துக்கும் அதையே போடுகிறேன். இரண்டு நாளில் கேட்கிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. ஒன்றரை மாதமாக இப்படித்தான். எக்ஸிமா என்கிற, தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய் வந்தால் பின்னால் ஆஸ்துமா வரும் என்று நெட்டில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. தலையில் பொருக்கு, பின்பக்கம் நீலத் திட்டு வேறு. மற்றபடி நன்றாகப் பால் குடிக்கிறாள், கன்னம் இரண்டும் உப்பி கொழுகொழுவென்று இருக்கிறாள், பார்க்கிறவர்கள் எல்லாம் கொஞ்சுகிறார்கள்.
– ஒரு வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: குளியல் சண்டையை அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த க்ரீம் ட்யூபை எடுத்து, பெட்டியைத் தூக்கிப் போடாமல் இருந்தால் அதையும் எடுத்து, பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் இதில் ஏதாவது ஒரு பெயர் கண்ணில் பட்டால் நீங்கள் போட்டுக்கொண்டிருப்பது ஸ்டீராய்டு, அதாவது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும் ஹார்மோன் வகை மருந்து, அதுவும் வீரியமான ரகம். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே ஸ்டீராய்டு என்று எல்லாவற்றையும் கலந்து ஒரே ட்யூபில் அடைத்து விற்கிறார்கள். தாத்தாவின் தொடை அரிப்புக்கும் அதுதான், பேத்தியின் டயபர் சிவப்புக்கும் அதுதான். 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனால் நீங்கள் வாங்கியபோது சீட்டு எங்கே என்று யாராவது கேட்டார்களா?

இரண்டு நாளில் கேட்கிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுவே எனக்குப் பாதி பதில். ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கும், காரணத்தைத் தொடாது. டயபர் போடும் இடத்தில் தோல் மடிப்புக்குள் ரத்தச் சிவப்பாக இருந்து ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளும் தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. அதன் மேல் ஸ்டீராய்டு போட்டால் பார்வைக்கு அடங்கியதுபோல் இருக்கும், உள்ளுக்குள் பூஞ்சைக்குத் தீனி.

இனி நான் கவலைப்படும் இடம். நாலரை மாதக் குழந்தைக்கு உடல் எடைக்கு ஒப்பிட்டால் தோலின் பரப்பு நம்மைவிடச் சுமார் இரண்டு மடங்கு, தோலோ மெல்லியது, அதன் மேல் டயபர் இறுக்கி மூடியிருக்கிறது. பூசியது அவ்வளவும் வெளியிலேயே நிற்காது, ஒரு பங்கு ரத்தத்துக்குள் போகும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் தானாகவே கார்ட்டிசால் சுரக்கிறது, அது உடம்பு சொந்தமாகத் தயாரிக்கும் ஸ்டீராய்டு. தினமும் ஹோட்டலிலிருந்து சாப்பாடு வந்தால் வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம் இல்லையா, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுரப்பியும் வேலையை நிறுத்திக்கொள்ளும். வாரக்கணக்கில் இப்படிப் போனால் முகம் வட்டமாக உப்பும், கன்னம் தொங்கும், கன்னத்திலும் நெற்றியிலும் பூனைமுடி வளரும், எடை ஏறும், நீளம் மட்டும் ஏறாது. வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் நம் வீடுகளில் உப்பிய கன்னத்துக்குப் பெயர் நோய் இல்லை, ஆரோக்கியம். திருஷ்டி சுற்றிப் போடுவார்களே தவிர டாக்டரிடம் காட்டமாட்டார்கள்.

உடனே பயந்துவிடாதீர்கள். பால் நன்றாகக் குடிக்கும் நாலரை மாதக் குழந்தைகளில் பலரும் கொழுகொழுவென்றுதான் இருப்பார்கள், உங்கள் மகளும் அந்தக் கூட்டமாகவே இருக்கலாம், பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் கொழுகொழு கன்னமும் ஒன்றரை மாத க்ரீமும் ஒரே குழந்தையிடம் இருந்தால் அதைப் பார்த்தே ஆக வேண்டும். நாளையோ மறுநாளோ குழந்தை மருத்துவரிடம் போங்கள், ட்யூபையும் தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள். அட்டையில் எடை, நீளம் குறித்திருப்பார்கள். எடைக் கோடு மேலே போய் நீளம் நின்றுவிட்டதா என்று அவர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் காலையில் ஒரு கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு ஆத்திரத்தில் ட்யூபைக் குப்பையில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், புது ட்யூபும் வாங்காதீர்கள். உடம்பு சொந்தமாகச் சுரப்பதை நிறுத்தியிருந்தால் திடீரென்று விடுவதும் ஆபத்து, எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்லட்டும். இதற்கிடையில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ காலை வரை காத்திருக்காமல் அந்த நேரமே எமர்ஜென்சிக்குப் போங்கள், உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக ‘ஒன்றரை மாதமாக ஸ்டீராய்டு க்ரீம் போட்டிருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்றும் கிளம்பிவிட வேண்டாம், அது இன்னொரு நெட் வியாதி. எக்ஸிமா முற்றிய இடத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற லேசான ஸ்டீராய்டை டாக்டர்கள் நாங்களே சில நாள் எழுதித் தருவோம், எந்த இடம், எத்தனை நாள் என்று சொல்லித் தருவோம்.

சரி, ஆஸ்துமா. எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை, கைக்குழந்தையில் வரும் எக்ஸிமா பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் பலருக்கும் தணிந்துவிடும். இந்த இரண்டாவது பாதியை நெட்டில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: எக்ஸிமா கன்னத்திலும் கைகால் வெளிப்பக்கத்திலும் வரும், டயபர் மூடிய இடத்தை வழக்கமாக விட்டுவிடும். ஆக உங்கள் மகளுக்கு இருப்பது இரண்டு வேறு தொந்தரவாக இருக்கலாம், இரண்டுக்கும் ஒரே க்ரீம் என்பது ஆரம்பத்திலேயே தப்பு.

இப்போது குளியல். மாமியார் சொல்வது கும்பகோணத்துக்குச் சரி. காற்றிலேயே ஈரம் இருக்கும் ஊர், வியர்க்கும், தினமும் குளித்தால் குழந்தை நன்றாகத் தூங்கும். டெல்லி ஜனவரியில் வெளியே வறட்டுக் குளிர், உள்ளே ஹீட்டர், குழாயில் பல இடங்களில் உப்புத் தண்ணீர். இங்கே சாதாரணக் குழந்தைக்கு வாரம் இரண்டு மூன்று குளியல் தாராளம், மற்ற நாளில் முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு இவற்றை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மே, ஜூனில் தினமும் குளிப்பாட்டுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். எக்ஸிமா இருக்கும் குழந்தைக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்பதைவிட எப்படி என்பதுதான் முக்கியம். கை முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடு உறைக்காத தண்ணீர், 5 நிமிடம், மிஞ்சினால் 10. துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரைக் கஞ்சத்தனம் இல்லாமல் பூசுங்கள். குளிக்காத நாளிலும் இரண்டு வேளை பூச வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் ஸ்டீராய்டு க்ரீமே தேவைப்படாத குழந்தைகள் நிறைய.

சோப்பு அழுக்கான இடத்துக்கு மட்டும், அதுவும் காரம் குறைந்த குழந்தைகள் சோப்பு. சாதா சோப்பு குழந்தைத் தோலுக்கு அதிகக் காரம். பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள் போட்டு உரசுவதை இந்தத் தோலில் செய்யவே கூடாது, முடி உதிரும், நிறம் வரும் என்று யார் சொன்னாலும் சரி. பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். எண்ணெய் தேய்ப்பதில் மாமியாரைத் தடுக்காதீர்கள், அவர் கை பதமாக இருந்தால் குழந்தைக்கு நல்லதுதான். ஆனால் இங்கே மாலிஷ் (எண்ணெய் மசாஜ்) செய்ய வருகிறவர்கள் கொண்டுவரும் கடுகு எண்ணெய் சிவந்த தோலை இன்னும் எரிக்கும், தேங்காய் எண்ணெயே இருக்கட்டும். டெல்லிக் குளிரில் அது கல்லாக உறையும், பாட்டிலை வெந்நீரில் வைத்து எடுங்கள். காதிலும் மூக்கிலும் ஒரு சொட்டு விடக் கூடாது, கற்பூரம் கலக்கக் கூடாது, குழந்தைக்கு வலிப்பே வரலாம். குளித்ததும் சாம்பிராணி போடும் வழக்கம் இருந்தால் இந்த வருடம் விட்டுவிடுங்கள், நவம்பர் முதல் இந்த ஊர்க் காற்றில் இல்லாத புகையா.

கேட்காத ஒன்று. பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருக்கிறதென்றால், குளிருக்காகக் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு அதை ஓடவிட்டபடி குழந்தையைக் குளிப்பாட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தாயும் குழந்தையும் சேர்ந்தே மயங்குவீர்கள். வாளியில் பிடித்து, கீசரை அணைத்து, அறைக்கு எடுத்து வந்து டப்பில் குளிப்பாட்டுங்கள்.

தலையில் பொருக்கு தானாகப் போகும், அவசரமென்றால் எண்ணெய் தடவி ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் வாருங்கள், நகத்தால் பிய்க்காதீர்கள். நீலத் திட்டு நம் குழந்தைகள் பலருக்கும் பிறக்கும்போதே இருப்பது, சில வருடங்களில் பெரும்பாலும் மங்கிவிடும், அதற்கும் மெடிக்கல் ஷாப்பில் க்ரீம் கேட்டுவிடாதீர்கள்.