இரண்டு வாரத்தைச் சேர்த்துக் கணக்குப் போடலாமா?

கேள்வி: என் மகள் கிரீன் கார்டு பெற்று, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பெரிய மளிகைக் கடையில் மணிக்கு 12 டாலர் சம்பளத்தில் வேலை செய்கிறாள். ஒரு வாரம் 50 மணி நேரமும் மறுவாரம் 30 மணி நேரமும் வேலை வாங்கிவிட்டு, ‘இரண்டு வாரத்துக்கு 80 மணி நேரம் சரியாகிவிட்டது, ஓவர்டைம் கிடையாது’ என்கிறார்கள். முந்திரி ஆலையில் வேலை பார்த்த எனக்கு இது சரியாகப் படவில்லை. முதலாளி நம் ஊர்ப்பக்கத்துக்காரர் என்பதால் மகள் கேட்கத் தயங்குகிறாள்.
– ஒரு தாய், மார்த்தாண்டம்.

பதில்: உங்களுக்குத் தோன்றியதே சரி. ‘ஃபேர் லேபர் ஸ்டாண்டர்ட்ஸ் ஆக்ட்’ என்னும் 1938ஆம் ஆண்டின் அமெரிக்க நடுவண் சட்டம் ஒவ்வொரு வாரத்தையும் தனித்தனியாகவே பார்க்கிறது. சம்பளத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாமே தவிர, வேலை நேரத்தை இரண்டு வாரத்துக்குப் பங்கிட்டுச் சராசரி பார்க்க முடியாது. வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும். நம் நாட்டு ஆலைகளில் இரட்டைக் கூலி என்பதையும், ஒரு நாளுக்கு இத்தனை மணி என்ற வரம்பு அந்தச் சட்டத்தில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் மகளுக்கு முதல் வாரத்தின் கூடுதல் 10 மணிக்கு 18 டாலர் வீதம் 180 டாலர் சேர வேண்டும். 12 டாலர் வீதம் 120 மட்டுமே கிடைத்திருப்பதால் 60 டாலர் பாக்கி.

ஆண்டுக்கு 5,00,000 டாலருக்குக் குறையாமல் வியாபாரம் நடக்கும் கடைகளை இச்சட்டம் கட்டுப்படுத்தும். 2009 முதல் மணிக்கு 7.25 டாலராக நிற்கும் நடுவண் குறைந்தபட்சக் கூலியைவிட மகளின் சம்பளம் அதிகம் என்பதைக் காட்டி முதலாளி ஓவர்டைமை மறுக்க முடியாது. ஊர்க்காரர் என்ற உறவுக்கும் இதில் இடமில்லை. சொல்லப்போனால், அந்தத் தயக்கத்தை நம்பித்தான் சிலர் இப்படிக் கணக்குப் போடுகிறார்கள்.

கேட்டதற்காக வேலையை விட்டு நீக்குவதையும் மிரட்டுவதையும் சட்டம் தடை செய்கிறது. நீதிமன்றத்துக்குப் போனால், பாக்கியோடு அதே அளவு தொகையை இழப்பீடாகவும் கோரலாம். ஆனால் பொதுவாக 2 ஆண்டுகளுக்கு முந்தைய பாக்கியைக் கேட்க முடியாது. வேண்டுமென்றே ஏமாற்றியது நிரூபணமானால் 3 ஆண்டுகள்.

வந்த நேரம், போன நேரம், சாப்பிட விட்ட நேரம் மூன்றையும் மகள் தன் கைப்பட ஒரு நோட்டில் தினமும் எழுதி வரட்டும். சம்பளச் சீட்டுகளையும் அதோடு சேர்த்து வைக்கட்டும். பிறகு தொழிலாளர் துறையின் கூலி, வேலைநேரப் பிரிவை 1-866-487-9243 என்ற எண்ணில் அழைக்கலாம். புகாருக்குக் கட்டணம் கிடையாது.