மேனேஜரின் அருகில் அமர்பவர்: பேஸ்பால் பெஞ்ச் கோச் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் பெஞ்ச் கோச் என்ற பதவியைப் பற்றி உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே ஒருசேர விடையளிக்கிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, பிட்சிங் கோச், ஹிட்டிங் கோச் ஆகியோரின் வேலை பெயரிலேயே தெரிகிறது. முதல் பேஸ், மூன்றாம் பேஸ் அருகில் நிற்கும் கோச்கள் செய்வதையும் கண்ணால் பார்க்க முடிகிறது. பெஞ்ச் கோச் எதற்கு?

பதில்: மற்ற கோச்கள் ஒவ்வொருவருக்கும் ஆட்டத்தின் ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பெஞ்ச் கோச்சுக்கு அப்படிப்பட்ட எல்லை கிடையாது. அவர் ஆட்டத்தை நடத்தும் மேனேஜருக்கு அடுத்த நிலையில் இருப்பவர். மேனேஜரின் கவனம் இப்போது எறியப்படும் பந்தின் மேல் இருக்கும்போது, இரண்டு இன்னிங்ஸுக்குப் பிறகு என்ன நேரக்கூடும் என்பதை அவர் கணக்கிட்டுக்கொண்டிருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆறாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலையில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது இன்னிங்ஸில் எதிரணியின் இடக்கை பேட்டர்கள் இருவர் அடுத்தடுத்து வருவார்கள், அவர்களை அடக்க ஏற்ற இடக்கை பிட்சரை (பந்து எறிபவரை) நாம் இறக்கினால் எதிரணி பெஞ்சில் இருக்கும் வலக்கை பேட்டர் மாற்றாக வருவார், அந்தப் பிட்சரோ நேற்றும் முந்தாநாளும் எறிந்து களைத்திருக்கிறார் என்ற தொடர் முழுவதும் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தருணம் வந்த பிறகு யோசிப்பதற்கு நேரம் இருக்காது. 2020 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, களமிறங்கும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களை எதிர்கொள்ள வேண்டும் அல்லது அந்த அரை இன்னிங்ஸை (ஓர் அணியின் பேட்டிங் முறையை) முடிக்க வேண்டும். காயமும் உடல்நலக்குறைவும் மட்டுமே விலக்கு. ஆகவே ஒரு பேட்டரை மனத்தில் வைத்து எடுக்கும் முடிவு, அவருக்குப் பின்னால் வரும் இருவரையும் சேர்த்தே எடுக்கப்படுகிறது.

கேள்வி: கிரிக்கெட் அணியின் துணைப் பயிற்சியாளரைப் போன்றவர் என்று சொல்லலாமா?

பதில்: முழுமையாகப் பொருந்தாது. கிரிக்கெட்டில் யார் பந்து வீசுவது, யாரை எங்கே நிறுத்துவது என்பதை மைதானத்தில் இருக்கும் கேப்டன் முடிவு செய்கிறார். பேஸ்பாலில் அந்த அதிகாரம் முழுவதும் டகவுட்டில் (மைதான ஓரத்தில் அணி அமரும் இடத்தில்) இருக்கும் மேனேஜரிடம் இருக்கிறது. அவரை ஆட்டத்தின் இடையிலேயே அம்பயர் வெளியேற்றிவிடவும் முடியும். அந்த நொடியில் இன்னொருவர் எல்லாவற்றையும் கையிலெடுக்க ஆயத்தமாக இருக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: மேனேஜர் வெளியேற்றப்பட்டால் பெஞ்ச் கோச்தான் பொறுப்பேற்க வேண்டும் என்று விதி இருக்கிறதா?

பதில்: இல்லை. வெளியேறும் மேனேஜர் தன் இடத்தில் ஒரு கோச்சையோ ஆட்டக்காரரையோ நியமிக்க வேண்டும் என்றும், அவர் நியமிக்காவிட்டால் தலைமை அம்பயர் அணியில் ஒருவரை நியமிப்பார் என்றும்தான் விதிப்புத்தகம் கூறுகிறது. அது பெஞ்ச் கோச்சுக்கென்று தனி உரிமை எதையும் வழங்கவில்லை. வழக்கத்தினால் அப்பொறுப்பு அவரிடம் வந்து சேர்கிறது.

அந்த வழக்கத்தின் அருமை, அவரும் இல்லாமல் போகும் நாளில்தான் புரியும். 2010 ஜூலை 20 அன்று லாஸ் ஏஞ்சலஸில் டாட்ஜர்ஸ், சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணிகள் மோதின. டாட்ஜர்ஸ் மேனேஜர் ஜோ டோரியும், பெஞ்ச் கோச் பாப் ஷேஃபரும் வெளியேற்றப்பட்டுவிட்டதால், ஹிட்டிங் கோச்சாக இருந்த டான் மேட்டிங்லி அணியை நடத்தினார். ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் பந்தெறியும் மேட்டுக்குச் சென்று பிட்சர் ஜொனாதன் பிராக்ஸ்டனிடம் பேசிவிட்டுத் திரும்பினார். மேட்டை விட்டு இறங்கி ஓரிரு அடிகள் நடந்த பிறகு, முதல் பேஸ் ஆட்டக்காரர் ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்வதற்காக மறுபடியும் மேட்டின் மேல் கால் வைத்தார். ஜயண்ட்ஸ் மேனேஜர் புரூஸ் போச்சி அதைக் கண்டு உடனே அம்பயரிடம் முறையிட்டார். ஒரே இன்னிங்ஸில் ஒரே பிட்சரிடம் இரண்டாம் முறை சென்றால் அவரை மாற்றியாக வேண்டும் என்பது விதி. பிராக்ஸ்டன் வெளியேற, போதிய ஆயத்தம் இல்லாமல் ஜார்ஜ் ஷெரில் எறிய வந்தார். ஜயண்ட்ஸ் 7-5 என்று வென்றது. மேட்டிங்லி தம் ஆட்டக்காலத்தில் பெரும் புகழ்பெற்ற பேட்டர். யாங்கீஸ் அணியில் பெஞ்ச் கோச்சாகவும் ஓராண்டு இருந்தவர். அவருக்கே இப்படி நேர்ந்தது என்றால், அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று "நேரே வந்துவிடுங்கள்" என்று எச்சரிக்க ஒருவர் இருப்பது எவ்வளவு தேவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ஆட்டம் மாலையில்தானே? அதற்கு முன் அவருக்கு என்ன வேலை?

பதில்: என் கணிப்பில் அவருடைய உழைப்பின் பெரும்பகுதி முதல் பந்துக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. புல்பென்னில் (மாற்றுப் பிட்சர்கள் ஆயத்தமாகும் இடத்தில்) யார் யார் இன்று எறியக்கூடிய நிலையில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பிட்சிங் கோச்சுடன் சேர்ந்து சரிபார்க்கிறார். எதிரணியின் பெஞ்சில் இருப்பவர்கள், அவர்களில் வேகமாக ஓடக்கூடியவர்கள், இடக்கை வலக்கைப் பிட்சர்களுக்கு எதிராக ஒவ்வொருவரும் ஆடும் விதம் ஆகியவற்றைப் புள்ளிவிவரப் பகுப்பாய்வாளர்கள் தரும் தாள்களிலிருந்து எடுத்து, ஆட்டத்தின் நடுவே ஒரு நோட்டத்தில் படிக்கும்படி சுருக்கிக்கொள்கிறார். அன்றைய லைன்அப் கார்டில் எழுதியிருக்கும் பேட்டிங் வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் பெரும்பாலும் அவரிடம் வரும் வேலை. இது எழுத்தர் வேலை போலத் தோன்றலாம். ஆனால் கார்டில் ஒரு பெயர் இடம் மாறினால், எதிரணி முறையிட்டதும் சரியான முறைக்குரிய பேட்டர் அவுட் ஆகிவிடுவார். வசந்தகாலப் பயிற்சி முகாமில் பல அணிகளில் நாள்தோறும் யார் எந்த மைதானத்தில் எத்தனை மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணையை வகுப்பவரும் இவரே.

கேள்வி: மிகச் சிறந்த பெஞ்ச் கோச் என்று யாரைச் சொல்வீர்கள்?

பதில்: டான் ஸிம்மரை. ஜோ டோரி 1996-இல் நியூயார்க் யாங்கீஸ் மேனேஜராக வந்தபோது, அதற்கு முன் அவர் மேனேஜராக இருந்த மெட்ஸ், பிரேவ்ஸ், கார்டினல்ஸ் மூன்றும் நேஷனல் லீக் அணிகள். மேஜர் லீக்கின் மற்றொரு பாதியான, யாங்கீஸ் ஆடும் அமெரிக்கன் லீக் அவருக்குப் புதிது. ஸிம்மரோ அமெரிக்கன் லீக் அணிகளான பாஸ்டன் ரெட் சாக்ஸையும் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸையும் நடத்தியவர். 1989-இல் சிகாகோ கப்ஸ் அணியைப் பிரிவு வெற்றிக்கு அழைத்துச் சென்று, நேஷனல் லீக்கின் சிறந்த மேனேஜர் விருதும் பெற்றவர். தன்னைவிட மூத்த, தன்னைப் போலவே அணிகளை நடத்திய ஒருவரைத் தன் அருகில் அமர்த்திக்கொள்ள ஒரு மேனேஜருக்குத் தன்னம்பிக்கை வேண்டும். டோரியிடம் அது இருந்தது. டோரி இயல்பில் நிதானமானவர், ஸிம்மர் துணிந்து ஆடச் சொல்பவர். இந்த இருவரும் ஒன்றாக இருந்த 1996 முதல் 2003 வரையிலான எட்டுப் பருவங்களில் யாங்கீஸ் நான்கு முறை உலகத் தொடரை (இரு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் இறுதித் தொடரை) வென்றது.

1999-ஆம் ஆண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். டோரி புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்ததால், பருவத்தின் முதல் 36 ஆட்டங்களை ஸிம்மர் நடத்தினார். அப்போது அவருக்கு 68 வயது. முழங்கால் வலியும் இருந்தது. 21 வெற்றி, 15 தோல்வி என்ற நிலையில் அணியை அவர் டோரியிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த ஆண்டும் யாங்கீஸே உலகத் தொடரை வென்றது. அந்த 21 வெற்றிகள் இன்று ஸிம்மரின் கணக்கில் இல்லை. அந்தப் பருவத்தின் 98 வெற்றிகளும் டோரியின் பெயரில் பதிவாகியிருக்கின்றன. தற்காலிகமாக நடத்துபவருக்கு வெற்றி எழுதப்படுவதில்லை என்பது வழக்கம் என்றாலும், அந்த ஆண்டின் வரலாற்றைச் சொல்லும் எவரும் ஸிம்மரை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: பெஞ்ச் கோச்சால் அணிக்குக் கெடுதல் நேர்ந்ததுண்டா?

பதில்: உண்டு, அதை மறைக்காமல் பேச வேண்டும். 2017-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, எந்த வகைப் பந்து எறிய வேண்டும் என்று எதிரணிக் கேட்சர் தன் பிட்சருக்குக் காட்டும் சைகைகளை மைய மைதானக் கேமரா வழியாகப் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டித் தன் பேட்டர்களுக்குத் தெரிவித்தது. அப்போதைய பெஞ்ச் கோச் அலெக்ஸ் கோரா, டகவுட்டை ஒட்டிய இடத்தில் அந்தக் கேமராக் காட்சியைக் காட்டும் திரையை வைக்க ஏற்பாடு செய்தார் என்று 2020 ஜனவரி 13 அன்று கமிஷனர் ராப் மேன்ஃபிரெட் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச் இதை விரும்பவில்லை. அந்தத் திரையை இருமுறை உடைத்துச் சேதப்படுத்தினார். ஆனால் இதை நிறுத்தும்படி ஆட்டக்காரர்களிடமோ கோராவிடமோ அவர் நேரில் சொல்லவில்லை. அந்த அறிக்கையில் என்னை மிகவும் வருத்திய பகுதி இதுதான். ஒருவர் தவறு செய்தால் மற்றவர் தடுப்பதற்காகத்தான் இரண்டு பேர் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். இங்கே மேனேஜரை நெறிப்படுத்த வேண்டியவரே முறைகேட்டில் ஈடுபட்டார்; அவரைத் தடுக்க வேண்டிய மேனேஜர் வாய் திறக்கவில்லை. ஹின்ச்சுக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அன்றே அணி அவரைப் பதவி நீக்கியது. 2018-இல் பாஸ்டனின் மேனேஜராகி உலகத் தொடரையும் வென்றிருந்த கோரா, அந்தப் பதவியை இழந்து 2020 பருவம் முழுவதும் தடையில் இருந்தார். பாஸ்டனில் அவருடைய இடத்துக்கு வந்தவர் அவரிடம் பெஞ்ச் கோச்சாக இருந்த ரான் ரெனிகி. 2021-இல் கோரா திரும்பவும் அந்த அணிக்கே மேனேஜரானார்.

கேள்வி: இந்தப் பதவியிலிருந்து மேனேஜராவது எளிதா?

பதில்: மேனேஜர் பதவிக்குச் செல்லும் வழிகளில் இது முதன்மையானது. ஜோ மேடன் ஏஞ்சல்ஸ் அணியில் மைக் ஸோஷாவிடம் பெஞ்ச் கோச்சாக இருந்து, பின்னர் 2016-இல் கப்ஸ் அணியின் மேனேஜராக உலகத் தொடரை வென்றார். அவருக்குப் பெஞ்ச் கோச்சாக இருந்த டேவ் மார்டினெஸ் 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியுடன் வென்றார்.

வலி மிகுந்த வழியும் இருக்கிறது. 2022 ஜூன் 3 அன்று ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணி, 22 வெற்றி 29 தோல்வி என்ற நிலையில் மேனேஜர் ஜோ ஜிரார்டியை நீக்கி, பெஞ்ச் கோச் ராப் தாம்சனிடம் அணியை ஒப்படைத்தது. தாம்சன் யாங்கீஸிலும் ஜிரார்டிக்குப் பெஞ்ச் கோச்சாக இருந்தவர். பல ஆண்டுகள் உடன் உழைத்தவரின் நாற்காலியில் ஒரே நாளில் அமர வேண்டியிருந்தது. அவருடைய பொறுப்பில் அணி 65 வெற்றிகளும் 46 தோல்விகளும் பெற்று உலகத் தொடர் வரை சென்றது. ஆட்டக்காரர்கள் அவரை முன்பே அறிந்திருந்தார்கள், அவரும் அவர்களை அறிந்திருந்தார் என்பதே இதற்கு முதற்காரணம் என்று கருதுகிறேன்.

கேள்வி: முன்னாள் ஆட்டக்காரராக இருந்தே ஆக வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. 2020-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் பெஞ்ச் கோச்சாக நியமித்த கை கொரேயா தொழில்முறை பேஸ்பால் ஆடியவரே அல்லர். கல்லூரி அணிகளுக்குப் பயிற்சியளித்து, உள்மைதானத் தடுப்பாட்டத்தைக் கற்பிப்பதில் பெயர் பெற்று வந்தவர். 2023 பருவத்தின் இறுதியில் மேனேஜர் நீக்கப்பட்டபோது, எஞ்சிய மூன்று ஆட்டங்களை அவரே நடத்தினார்.

கேள்வி: ஜப்பானிலும் இந்தப் பதவி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. அங்கே இவரை ஹெட் கோச் என்று அழைக்கிறார்கள். அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் ஹெட் கோச் என்றால் அணியின் முதல்வர் என்று பழகியவர்கள், ஜப்பானியச் செய்திகளைப் படிக்கும்போது குழம்பாதிருக்க வேண்டும்.

கேள்வி: அண்மைக் கால விதி மாற்றங்கள் இவருடைய வேலையைக் குறைத்துவிட்டனவா? தொலைக்காட்சியில் இவருடைய வேலையை எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: ஒரு பக்கம் குறைந்தது, மறு பக்கம் கூடியது. 2022 முதல் நேஷனல் லீக்கிலும் பிட்சருக்குப் பதிலாக நியமன ஹிட்டர் ஆடுவதால், பிட்சரையும் இன்னொரு ஆட்டக்காரரையும் ஒரே நேரத்தில் மாற்றி வரிசையில் இடம் மாற்றி வைக்கும் நுட்பமான கணக்கு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அந்தக் கணக்கை ரசித்தவர்களில் நானும் ஒருவன். மறுபுறம், 2023-இல் பந்து எறிய நேர வரம்பு விதிக்கும் பிட்ச் கடிகாரம் வந்ததும் யோசிக்கும் நேரம் சுருங்கியது. ஒரு பேட்டரின் முறையில் பிட்சர் இருமுறைக்கு மேல் எறிபலகையிலிருந்து விலகவோ, பேஸில் இருக்கும் ரன்னரை அவுட் ஆக்க அங்கே பந்தை எறியவோ முடியாது. மூன்றாவது முறை முயன்று அவுட் ஆக்காவிட்டால் ரன்னருக்கு அடுத்த பேஸ் கிடைத்துவிடும். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி மேட்டுக்குச் செல்லும் வாய்ப்புகள் 2018-இல் ஆறு என்று வரையறுக்கப்பட்டு, 2019-இல் ஐந்தாகவும் 2024-இல் நான்காகவும் குறைந்தன. இவை அனைத்தையும் எண்ணிக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும்.

ரீப்ளே நேரத்தில் கவனித்துப் பாருங்கள். சந்தேகமான தீர்ப்பு வந்ததும் மேனேஜர் அம்பயரை நோக்கிக் கையை உயர்த்துவார். மேல்முறையீடு செய்வதா என்று முடிவெடுக்க அவருக்கு 15 நொடிகள்தான் இருக்கின்றன. டகவுட்டில் ஒருவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி, உள்ளே வீடியோ பார்ப்பவரிடம் கேட்டுக்கொண்டிருப்பார். பல அணிகளில் அவர் பெஞ்ச் கோச். அவர் கையசைத்தாலோ தலையாட்டினாலோ மேனேஜர் அதன்படியே செய்வார். வழக்கமான பருவத்தில் ஆட்டத்தின் தொடக்கத்தில் ஓர் அணிக்கு ஒரே மேல்முறையீடுதான். தோற்றால் அது பறிபோகும். அடுத்து, எதிரணியின் பேட்டிங் வரிசை மூன்றாம் முறையாகத் தொடங்கும் ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸில் மேனேஜரின் பக்கத்தில் நிற்பவரைக் கவனியுங்கள். அவர் தாளைப் பார்த்து ஏதோ சொல்வார். மேனேஜர் களத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பார். அடுத்த சில நிமிடங்களில் புல்பென்னில் ஒருவர் எழுந்து எறிந்து பழகத் தொடங்கினால், அந்தப் பேச்சு எதைப் பற்றியது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.