பசுமை வேதியியல் பாடம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: இளநிலை மாணவர்களுக்கு எங்கே தொடங்கலாம்? பசுமை வேதியியலின், அதாவது கழிவையும் ஆபத்தையும் குறைக்கும் வேதியியலின், 12 கொள்கைகளையும் மனப்பாடம் செய்யச் சொல்லவா?

பதில்: வேண்டாம். 1998-ல் அனஸ்தாஸும் வார்னரும் அவற்றை எழுதியது ஒப்பிப்பதற்காக அல்ல. கீட்டோனின் C=O பிணைப்பை C=C ஆக்கும் விட்டிக் வினையை எடுங்கள். சைக்ளோஹெக்சனோனிலிருந்து மெத்திலீன்சைக்ளோஹெக்சேன், 90 சதவீத விளைச்சல் வந்தால் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அப்புறம் எடை போடச் சொல்லுங்கள்: 96 கிராம் சரக்கோடு 278 கிராம் டிரைபினைல்பாஸ்பீன் ஆக்சைடு குப்பையாக நிற்கும், அணுச் சிக்கனம் (வினைபடு பொருள்களின் எடையில் வேண்டிய பொருளாக மாறும் பங்கு) 26 சதவீதம்தான், இலைடு என்ற பாஸ்பரஸ் வினைபடு பொருளைத் தயாரிக்கச் செலவான காரம் இந்தக் கணக்கிலேயே இல்லை.

கேள்வி: அசெட்டனிலைடு புரோமினேற்றத்துக்கு புரோமினை விட்டுவிட்டு பொட்டாசியம் புரோமைடும் சீரிக் அம்மோனியம் நைட்ரேட்டும் போடுகிறோம். இது பசுமைதானே?

பதில்: புரோமின் பாட்டில் ஒழிந்தது நல்லது. ஆனால் சீரியம் ஒரு எலக்ட்ரானைத்தான் வாங்கும், இந்த வினைக்கோ இரண்டு எலக்ட்ரானை வாங்க வேண்டும், ஆகவே ஒரு மோல் பொருளுக்கு இரண்டு மோல் சீரிக் உப்பு, அதாவது 214 கிராம் பொருளுக்கு 1,096 கிராம் சீரிக் உப்பு. எடை போடாமல் பசுமை என்று பெயர் வைக்காதீர்கள்.

கேள்வி: எடை, எடை என்கிறீர்கள். மாணவர் கை புரோமினில் வெந்துபோவதைவிட ஒரு கிலோ உப்பு மேல் இல்லையா?

பதில்: சரியான அடி. ஷெல்டனின் ஈ-காரணிக்கும் (ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்ற கணக்கு) இதே குறை: ஒரு கிலோ சமையல் உப்பும் ஒரு கிலோ குரோமியம் உப்பும் அதற்கு ஒன்றுதான். ஆனால் வழி இரண்டோடு முடியவில்லை. சோடியம் புரோமைடோடு சீரிக் உப்புக்குப் பதில் சோடியம் ஹைப்போகுளோரைட் (சலவை பிளீச்சில் இருப்பது) போட்டால், அது 74 கிராம் போதும், அதிலிருந்து மிஞ்சுவது வெறும் குளோரைடு. ஒன்று மட்டும், அசெட்டிக் அமிலமும் சேர்ப்பதால் குளோரின் கிளம்பலாம், நச்சு வாயுவை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட் இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: (அதே நபர்) ஆக அதிலும் ஆபத்து!

பதில்: இருக்கிறது, அந்தச் சண்டையைத்தான் வகுப்புக்குள் கொண்டுபோகச் சொல்கிறேன். வலி நிவாரணி இப்யூபுரோஃபனைத் தயாரிக்கும் பழைய ஆறு படி முறையில் அணுச் சிக்கனம் 40 சதவீதம், புதிய மூன்று படி முறையில் 77. புதியதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கிறது, தோலில் பட்டால் எலும்புவரை போகும். ஆனால் அதை மீட்டு மீட்டுப் பயன்படுத்துகிறார்கள். எது பசுமை? மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து விடுங்கள், ஒரு மணி நேரம் போதாது.

கேள்வி: வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் வினை செய்யலாமா?

பதில்: கூடாது. எத்தனால் ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும்.

கேள்வி: 12 கொள்கைகளை நினைவில் வைக்க ஏதாவது சுருக்கம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நாங்கள் தண்ணீரில்தான் செய்கிறோம், அப்போது பசுமைதானே?

பதில்: பிறகு எத்தில் அசெட்டேட்டால் மூன்று தடவை பிரித்தெடுக்கிறீர்களா? அதையும் எடை போடுங்கள்.

கேள்வி: மைக்ரோவேவில் தண்ணீர் மட்டும் என்றால், மூடி போட்டு?

பதில்: மூடி போட்டால் வெடிக்கும். மேலேயே சொல்லிவிட்டேன்.